எழுத்தை முடிச்சா பகை முடியுமா?

பிள்ளை, உங்கட கேள்வியை மூண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் இதை எழுதுறன். உங்களுக்கு 24, அவருக்கு 26. ரெண்டு வீடும் கொழும்பு வெள்ளவத்தையில, நடுவில ரெண்டு ஒழுங்கைதான். ஏ.எல். ரியூசனில தொடங்கினது இப்ப ஆறு வருசம். ஆனா ரெண்டு அப்பாமாரும் ஊரில ஒரு காணி விசயத்தால 20 வருசத்துக்கு மேல கதைக்கிறேல்ல, நன்மை தின்மைக்குப் போறேல்ல, காலி வீதியில எதிரில கண்டா ஒராள் மற்றப் பக்கம் கடந்து போறார். நீங்கள் கேட்டது, "இப்ப ரகசியமா எழுத்தை, அதாவது பதிவுக் கலியாணத்தை, முடிச்சுப்போட்டு ஒரு வருசத்தால சொன்னா, வேற வழியில்லாம ரெண்டு பகுதியும் சேருவினம்தானே, சட்டப்படியும் அது சரிதானே" எண்டு. பாக்கச் சட்டக் கேள்வி மாதிரி இருக்கு, ஆனா அதில சட்டம் கால்வாசிதான். மிச்சம் முழுக்க, எங்கட கலியாணத்தால அந்தப் பகை தீருமா, அதைத் தீர்க்கிற பொறுப்பு எங்கட தலையிலயா எண்டுற கேள்வி. நீங்கள் ரெண்டையும் ஒண்டாக் கட்டி வச்சிருக்கிறியள். அதைப் பிரிச்சுத்தான் நான் பதில் சொல்லப் போறன்.

நான் 27 வருசமா கொழும்புக் கோட்ஸுகள் இருக்கிற புதுக்கடையில வழக்குப் பேசுற ஆள், உறுதி எழுதுற நொத்தாரிசும் கூட. காணி உறுதி, சீதன உறுதி, விவாகரத்து, இதுகளோடதான் என்ர காலம் போகுது. இடையில சில வருசம் மத்தியஸ்த சபையிலயும் இருந்தனான். ஒண்டை மனசில வச்சுக்கொண்டு வாசியுங்கோ: என்னட்ட சனம் வாறது முறிஞ்ச பிறகுதான். காதலிச்சு, வீட்டுக்குச் சொல்லி, நல்லபடியா முடிஞ்ச ஒருத்தரும் அதைச் சொல்ல லோயரிட்ட வாறேல்ல. அதால என்ர கண்ணில படுறது கூடுதலா கஷ்டப்பட்ட பக்கம். உங்கட அப்பாவின்ர பக்கத்தையும் அவற்ற அப்பாவின்ர பக்கத்தையும் நான் கேக்கேல்ல எண்டதும் உண்மை.

முதல்ல நிச்சயமானதைச் சொல்லிப்போடுறன், அது சின்னக் கதை. விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுச் சட்டம், அதுக்கு 1995இல செய்த திருத்தத்துக்குப் பிறகு பெண்ணுக்கும் ஆணுக்கும் குறைஞ்ச வயசு 18. நீங்கள் ரெண்டு பேரும் அதை எப்பவோ தாண்டிட்டியள், பெற்றாரின்ர கையெழுத்து ஒரு இடத்திலயும் தேவையில்லை. பதிவாளரிட்ட நோட்டிஸ் குடுக்க வேணும், எழுத்தண்டு ரெண்டு சாட்சி வேணும். அப்பா ஓடிப்போய் ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம்தான், ஆனா வயசு காணாது, ஏற்கனவே கலியாணம் முடிச்ச ஆள், முடிக்கக் கூடாத ரத்த உறவு, இப்படிச் சட்டம் சொல்லுற காரணம் ஒண்டு இருக்க வேணும். "எங்களுக்கும் அந்தப் பகுதிக்கும் சரிவராது" எண்டது சட்டத்துக்குத் தடையே இல்லை. அந்தளவில உங்கட கேள்விக்குப் பதில் ஓம்.

இனித்தான் விசயம் இருக்கு. எங்கட ஆக்களிட்ட "எழுத்து" எண்ட சொல்லு ஒரு பெரிய மயக்கத்தைத் தருது. எழுத்து ஒரு நாள், தாலி இன்னொரு நாள், சில பேருக்கு நடுவில ஒரு வருசம் கூடப் போகும், விசாவுக்காக முதல் எழுத்தை முடிச்சு வைக்கிற வழக்கமும் வந்திட்டு. அதால பிள்ளையள் எழுத்தை ஒரு நிச்சயதார்த்தம் மாதிரி, வேற ஆக்கள் கொத்திக்கொண்டு போகாம இருக்க ஒரு பூட்டு மாதிரி நினைக்குதுகள். சட்டத்துக்குத் தாலி எண்ட ஒண்டு தெரியாது, பிள்ளை. புத்தகத்தில கையெழுத்து வச்ச அந்த நிமிசத்தில நீங்கள் முழுக் கலியாணம் முடிச்ச ஆள். ஒரு நாள் கூட ஒரு வீட்டில இருக்காட்டியும் அப்படித்தான்.

அதால என்ன வரும் எண்டு கேட்டா, கனக்க வரும். ஒரு பிள்ளையின்ர கதை சொல்லுறன், ஆளைத் தெரியாதபடி சிலதை மாத்தித்தான் சொல்லுறன். 21 வயசில ரகசியமா எழுத்து, பெடியன் நல்ல பெடியன்தான், பிறகு அவர் படிக்க வெளியில போயிட்டார், ரெண்டு வருசத்தில ரெண்டு பேரின்ர மனமும் மாறிற்று, சண்டை சச்சரவு ஒண்டும் இல்லாமப் பிரிஞ்சிட்டினம், எழுத்தைப் பற்றி யோசிக்கேல்ல. நாலு வருசத்தால வீட்டில கனடா மாப்பிள்ளை பேசி, மண்டபம் புக் பண்ணி, கார்ட் அடிச்சாச்சு. அப்ப நோட்டிஸ் போர்மில "இதுக்கு முதல் கலியாணம் முடிச்சவரா" எண்டுற இடத்தில வந்துதான் பிள்ளை நிண்டது. பொய் எழுதினா குற்றம், அதோட ரெண்டாவது கலியாணம் செல்லவும் செல்லாது. உண்மையைச் சொன்னா மண்டபம் நிண்டு போகும். அந்தப் பிள்ளை என்ர கந்தோரில இருந்து அழுத அழுகை எனக்கு இன்னும் காதில இருக்கு. அதுக்குப் பிறகு விவாகரத்து. இலங்கையில "ரெண்டு பேரும் ஒத்துமையாப் பிரியிறம்" எண்டு சொல்லி விவாகரத்து எடுக்க ஏலாது, எங்கட பொதுச் சட்டத்தில காரணம் மூண்டுதான்: பிறரோட தொடர்பு, வேணுமெண்டு கைவிட்டுப் போறது, கலியாண நேரத்திலயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. ஆராவது ஒராள் பிழைகாரர் எண்டு கோட்ஸில நிறுவ வேணும். தீர்ப்பு வந்தாலும் முதல்ல கிடைக்கிறது இடைக்காலத் தீர்ப்பு, அது முடிவானதாக மூண்டு மாசம் பொறுக்க வேணும். அதுக்குள்ள கனடா மாப்பிள்ளை பொறுப்பாரா? பொறுக்கேல்ல.

உங்கட அன்பு மாறும் எண்டு நான் சொல்ல வரேல்ல, ஆறு வருசம் ஒரு சின்ன விசயமில்லை. ஆனா ரகசிய எழுத்துக்கு இன்னொரு முகம் இருக்கு, நொத்தாரிசு எண்ட முறையில எனக்கு அது நல்லாத் தெரியும். நீங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவரும் அப்படியே, அப்ப உங்களுக்குத் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கெண்டு உள்ள வழமைச் சட்டம், பொருந்தக் கூடும். அதின்படி கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ர பேரில இருக்கிற வீடு, காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருசனின்ர எழுத்திலான சம்மதம் வேணும். அந்தச் சட்டம் சரியோ பிழையோ எண்டு கேட்டா நான் பிழை எண்டுதான் சொல்லுவன், ஆனா இண்டைக்கும் அதுதான் சட்டம். உங்கட பேரில அப்பா ஒரு பிளாட் வாங்கி விட்டிருக்கிறார் எண்டு எழுதியிருக்கிறியள். நாளைக்கு அவர் அதில ஒரு லோன் எடுக்க உங்களைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிட்டப் போனா, முதல் கேள்வியே "பிள்ளை கலியாணம் முடிச்சதோ" எண்டுதான் வரும். ரகசியம் அப்படியொரு மேசையில, ஆக்களுக்கு முன்னால உடையிறதை நான் பார்த்திருக்கிறன். பிள்ளை ஆரையோ விரும்பினது அப்பாவுக்கு அண்டைக்கு ரெண்டாம் பட்சமாப் போயிற்று, தன்னை ஏமாத்திப்போட்டினம் எண்டதுதான் நிண்டது. காதலை மன்னிச்ச அப்பாமார் கனபேரைக் கண்டிருக்கிறன். ஏமாத்தினதை மன்னிக்க அவைக்குக் கனகாலம் எடுத்துது.

இனி அடுத்த கேள்வி, கலியாணத்தால பகை தீருமா. இதில நிச்சயம் எண்டு சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை, பார்த்ததைத்தான் சொல்லலாம். நீங்கள் எங்கட கதை ரோமியோ ஜூலியட் மாதிரி எண்டு எழுதியிருந்தியள். அந்த வெரோனாக் கதையில ரெண்டு பேருக்கும் ரகசியமாக் கலியாணம் செய்து வைக்கிறது ஒரு பாதிரியார், ஏன் செய்து வைக்கிறார் எண்டு யோசிச்சிருக்கிறியளோ? இந்தக் கலியாணத்தால ரெண்டு வீட்டுப் பகையும் அன்பா மாறும் எண்டு நம்பித்தான். உங்கட நம்பிக்கையும் அதேதான். பிறகு ஒரு ரகசியத்தை மறைக்க இன்னொரு ரகசியம், அவர் அனுப்பின கடிதத்தைக் கொண்டு போன ஆள் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில ஒரு வீட்டுக்குள்ள அடைபட, கடிதம் போய்ச் சேரேல்ல. மத்தியஸ்தம் செய்து பழகின என்ர கண்ணுக்கு அது, சமாதானம் பேச வேண்டிய ஒரு பெரிய மனுசன் பகைகாரர் ஒருத்தரிட்டயும் கதைக்காம, ரெண்டு பிள்ளையளின்ர தலையில அந்தப் பாரத்தை ஏத்தின கதை.

பாரம் எண்டு சும்மா சொல்லேல்ல. பகைக் குடும்பங்களுக்குள்ள நடந்த சில கலியாணங்கள் பிறகு எப்படிப் போச்சுது எண்டு எனக்குத் தெரியும். பேரப்பிள்ளை பிறந்த உடன கட்டிப்பிடிச்ச அப்புமாரும் இருக்கினம், அது உண்மையா நடக்கும், நடந்ததைக் கண்டிருக்கிறன். ஆனா இன்னொரு வீட்டில மருமகள் பத்து வருசம் தபால்காரியா இருந்தா. "உன்ர கொப்பரிட்டச் சொல்லு, அந்த உறுதியை எடுத்துக் காட்டச் சொல்லி" எண்டு மாமா சொல்லுவார். தாய் வீட்டுக்குப் போனா "உன்ர மாமனிட்டக் கேள், எங்கட அஞ்சு பேர்ச் எங்க எண்டு" எண்டு அப்பா சொல்லுவார். பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு ரெண்டு கேக், ரெண்டு நேரம். செத்தவீடு ஒண்டு வந்தா ஆர் எந்தப் பக்கம் நிக்கிறது எண்டு ஒரு தலையிடி. கலியாணம் நடந்துது, பகை அசையேல்ல, அது வீட்டுக்குள்ள வந்து குடியிருந்துது. அந்தப் பிள்ளை புருசனோட சந்தோசமாத்தான் இருந்தா, என்னட்ட வந்ததும் பிரியிறதுக்கு இல்லை. அந்தக் காணியைத் தீர்க்க ஏதும் வழி இருக்கோ எண்டு கேக்கத்தான் வந்தவ. கலியாணத்துக்கு முதல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பத்து வருசம் பிந்தி.

அதால நான் முதல் செய்யச் சொல்லுறது, அந்தக் காணிச் சண்டை உண்மையில என்ன எண்டு கண்டுபிடியுங்கோ. "காணிப் பிரச்சினை" எண்டு ஒரு வரியில எழுதியிருக்கிறியள், உங்களுக்கு அதுக்கு மேல தெரியாது எண்டுதான் நினைக்கிறன், முக்கால்வாசிப் பிள்ளையளுக்குத் தெரியாது. நீங்கள் கொழும்பில பிறந்து வளர்ந்தனியள், அந்தக் காணியை வடிவாக் கண்டிருக்கவும் மாட்டியள். ஊர்ச் சண்டையள் எனக்கு ஒரு கைரேகை மாதிரி. ஒண்டு வேலி. ஒவ்வொரு வருசமும் வேலி அடைக்கேக்க கதியால் அரை அடி தள்ளி நடுறது, பத்து வருசத்தில அது ஒரு பாதை அளவுக்கு வந்திடும். இன்னொண்டு பங்குக் கிணறு, ஆருக்கு எந்த முறை தண்ணி எண்டு தொடங்கி, கிணத்துக்குப் போற வழி ஆற்றை எண்டு முடியும். மற்றது பிரிபடாத பங்கு. நாலு சகோதரத்துக்கு ஒரு காணி, எல்லாருக்கும் உறுதியில "பிரிபடாத நாலில் ஒரு பங்கு" எண்டு இருக்கும், அதில ஒராள் மற்றவையிட்டச் சொல்லாம வெளியாளுக்கு அறுதியா எழுதிக் குடுத்திடுவார். தேசவழமையில கூட்டுச் சொந்தக்காரருக்கு வாங்குறதில முந்துரிமை இருக்கு, 1947இல அதுக்கெண்டே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. சொல்லாம வித்தா அது பண நட்டத்தை விட மானப் பிரச்சினையாத்தான் போகும்.

பிறகு யுத்த காலத்துக் காணியள். 1995 ஒக்டோபர் கடைசியில வலிகாமத்துச் சனம் ஒரே இரவில வெளிக்கிட்டது உங்கட அம்மா அப்பா சொல்லியிருப்பினம். ஒரு பகுதி திரும்பிப் போச்சுது, மற்றப் பகுதி வன்னி, கொழும்பு எண்டு போயிட்டுது. திரும்பிப் போனவர் பக்கத்து வளவையும் சேர்த்துத் துப்புரவாக்கி, தென்னை வச்சு, வேலியையும் சேர்த்து அடைச்சிட்டார். "நான் பார்க்காட்டி அது காடாப் போயிருக்கும்" எண்டு அவர் சொல்லுறார், "நாங்கள் சாகப் போன நேரம் பார்த்துக் காணி பிடிச்சார்" எண்டு இவர் சொல்லுறார். ரெண்டு பேருமே தங்கட மனசில நேர்மையானவை, அதாலதான் இந்தச் சண்டை ஆறுறேல்ல. வழமையில பத்து வருசம் தடையில்லாம ஆண்டவருக்கு ஆட்சியுரிமை வந்திடும், ஆனா 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம்பெயர்ந்த ஆக்களுக்காக 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில எடுக்கக் கூடாது எண்டு சொல்லிச்சுது. உங்கட வீட்டுச் சண்டை இந்த வகையோ எண்டு நான் ஊகிக்க மாட்டன். ஆனா 20 வருசத்துக்கு மேல எண்டு நீங்கள் சொன்ன உடன எனக்கு முதல் ஓடினது இதுதான்.

ஏன் இதை இவ்வளவு இழுத்துச் சொல்லுறன் எண்டா, வேலிச் சண்டையை ஒரு சேர்வேயர் ஒரு நாளில அளந்து பிளான் கீறித் தீர்க்கலாம். பிரிபடாத பங்கைப் பார்டிஷன் கேஸ் போட்டுப் பிரிக்கலாம், காலம் எடுக்கும், ஆனா ஒரு முடிவு உண்டு. "நீ எங்களைக் கைவிட்டிட்டாய்" எண்ட கோவத்துக்குப் பிளான் கீற ஏலாது, அதுக்கு வேற மருந்து. எது எண்டு தெரியாம நீங்கள் ரெண்டு பேரும் இருட்டுக்குள்ள நிக்கிறியள். அம்மம்மாவிட்டக் கேளுங்கோ, அப்பாவிட்ட வேண்டாம். "அம்மம்மா, அந்தக் காணியில என்ன நடந்தது" எண்டு ஒரு பின்னேரம் இருந்து கேளுங்கோ, அவர் தன்ர பக்கத்தில அப்பம்மாவிட்டக் கேக்கட்டும். பிறகு ரெண்டு கதையையும் ஒண்டா வச்சுப் பாருங்கோ. எந்த வருசத்தில ரெண்டு கதையும் பிரியுதோ அங்கதான் காயம்.

இதில ஒரு கசப்பான விசயத்தையும் சொல்லாம விட ஏலாது. சில வீட்டில காணி வெளியில சொல்லுற காரணம் மட்டும்தான், உள்ளுக்க சாதி இருக்கும். பகையான குடும்பம் எண்டு சொல்லுறது லேசு, மற்றதை இந்தக் காலத்தில வாய் திறந்து சொல்லக் கூச்சம். ரெண்டு குடும்பமும் முந்திக் கொண்டாட்டத்துக்கு வந்து போய், ஒண்டாச் சாப்பிட்டு, பிறகு முறிஞ்ச ஆக்களோ, இல்லை சண்டைக்கு முதலே ஒரு தூரத்தில இருந்த ஆக்களோ எண்டு அம்மம்மாவின்ர கதையிலயே உங்களுக்குப் பிடிபடும். முந்திக் கொண்டு குடுத்த ஆக்கள் எண்டா எனக்கு நம்பிக்கை கூட. இல்லையெண்டா காணியைத் தீர்த்தாலும் அவை சம்மதிப்பினம் எண்டு சொல்ல மாட்டன், நீங்கள் அவையின்ர சம்மதம் இல்லாமலே வாழத் தயாரா எண்டு ரெண்டு பேருமா இருந்து கதைக்க வேண்டி வரும். அந்த நேரம் நான் உங்கட பக்கம்தான் நிப்பன், இதில ஒளிக்க ஒண்டும் இல்லை.

இனி சொல்லுற முறை. சங்கப் பாட்டுகளில அறத்தொடு நிற்றல் எண்டு ஒரு துறை இருக்கு, ஏ.எல். தமிழ் செய்திருந்தா ஞாபகம் இருக்கும். தலைவி தோழிக்குச் சொல்லுவா, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தான் தகப்பனுக்கும் தமையன்மாருக்கும். ஒரு பொம்பிளைப்பிள்ளை நேர அப்பாவிட்டப் போய் நிக்கிற மாதிரி அந்தப் பாட்டுகள் வைக்கேல்ல. முந்தி அதைப் பயந்த சமூகத்தின்ர வழக்கம் எண்டு நினைச்சிருந்தனான், மத்தியஸ்த சபையில இருந்த பிறகுதான் அதின்ர புத்தி விளங்கிச்சுது. செய்தி ஒவ்வொரு கையா மாறேக்க ஒவ்வொருத்தரும் முதல் அதிர்ச்சியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு மற்றவருக்குக் கொஞ்சம் ஆறின சூட்டில குடுக்கினம், அதோட அப்பாவிட்டப் போகேக்க அவருக்கு முன்னால நிக்கிறது நீங்கள் தனிய இல்லை, அம்மாவும் பெரியம்மாவும் ஏற்கனவே உங்கட பக்கம். கொழும்பில செவிலிக்கு எங்க போறது எண்டு கேப்பியள். உங்கட பெரியம்மா தெகிவளையில இருக்கிறா, அப்பா அவவின்ர சொல்லுக்கு அடங்குவார் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். அவதான் செவிலி. அவவிட்டப் போகேக்க அழுதுகொண்டு போகாதேங்கோ, காணிக் கதையைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ. "பெரியம்மா, எனக்கு இப்படி ஒராள், இன்ன குடும்பம், இந்தப் பிரச்சினை இருக்கெண்டு தெரியும், அதைத் தீர்க்கிறது எங்களால ஏலாது, ஆனா அதுக்காகப் பிரியவும் ஏலாது" எண்டு சொல்லுங்கோ. ரகசியமாச் செய்ய ஏலும், செய்யேல்ல எண்டதையும் சொல்லலாம், அது வெருட்டாக் கேட்கக் கூடாது, மரியாதையாக் கேட்க வேணும்.

சொன்ன பிறகு நிலைமை கெட்டுப் போனா என்ன செய்யிறது எண்டதையும் முதலே தெரிஞ்சு வச்சிருங்கோ. போனைப் பறிச்சு, வேலைக்கு விடாம, அறையில பூட்டி வைக்கிறது அப்பா செய்தாலும் குற்றம்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் புருசனுக்கு எதிரா மட்டும் எண்டு கனபேர் நினைக்கினம், அப்பா, அண்ணன், சித்தப்பாவுக்கு எதிராயும் மஜிஸ்திரேட் கோட்ஸில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம், இடைக்காலக் கட்டளை உடனயே கிடைக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. "பிள்ளையைக் காணேல்ல" எண்டு வீட்டுக்காரர் பொலிசுக்குப் போனாலும், 18 தாண்டின ஆள் பொலிசில வந்து "நான் என்ர விருப்பத்தில போனனான்" எண்டு வாக்குமூலம் குடுத்தா அவை உங்களைப் பலவந்தமா வீட்டுக்கு அனுப்ப ஏலாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போட், இதுகளின்ர இடம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். இது எல்லாம் தேவைப்படாம இருக்கத்தான் நான் கும்பிடுறன், ஆனா தெரியாம இருந்து மாட்டுப்பட்ட பிள்ளையளைக் கண்டபடியால சொல்லுறன்.

அம்மா மருந்து குடிப்பன் எண்டு சொல்லுவா எண்டு பயப்பிடுறியள். இது என்ர படிப்புக்கு வெளியில உள்ள விசயம், ஒரு மனநல வைத்தியரோ பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரோதான் சரியாச் சொல்லுவினம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: அதை வெறும் வெருட்டு எண்டு தட்டி விடாதேங்கோ, அதே நேரம் அந்த ஒரு சொல்லுக்காக அந்த இடத்திலயே ஆளை விடுறன் எண்டு சத்தியம் பண்ணவும் வேண்டாம். அண்டிரவு அம்மாவைத் தனிய விடாதேங்கோ, பெரியம்மாவைக் கூப்பிடுங்கோ. 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கு, ஹோட்டன் பிளேசில "சுமித்திரயோ" எண்ட அமைப்பு 1974இல இருந்து இதுக்கெண்டே இருக்கு, அம்மாவுக்காக நீங்களும் கதைக்கலாம், உங்களுக்காகவும் கதைக்கலாம்.

பிளாட்டை அப்பா திருப்பி எடுப்பாரோ எண்டு கேட்டிருந்தியள். உறுதியைப் பார்க்காம ஒராளும் சரியான பதில் சொல்ல ஏலாது. விலைக்கு வாங்கின உறுதியே நேர உங்கட பேரில எண்டா ஒரு கதை, அவர் தன்ர பேரில வாங்கி உங்களுக்கு நன்கொடையா எழுதினது எண்டா வேற கதை. நன்கொடையிலயும் சீவிய உரித்தை, அதாவது தான் சாகுமட்டும் அனுபவிக்கிற உரிமையை, வச்சுக்கொண்டு, ரத்துச் செய்யிற உரிமையையும் வச்சு எழுதியிருந்தா அவர் திருப்பி எடுக்கலாம். ரத்துச் செய்ய ஏலாத நன்கொடை எண்டா அவர் கோட்ஸுக்குப் போய் உங்கட பக்கம் பாரதூரமான நன்றிகேடு எண்டு நிரூபிக்க வேணும், 2017இல அதுக்கெண்டு ஒரு சட்டம் வந்தது. விரும்பின ஆளைக் கலியாணம் முடிச்சது மட்டும் அதுக்குள்ள வராது எண்டது என்ர அபிப்பிராயம், தீர்ப்புச் சொல்லுறது நீதிபதிதான். எழுதாத சொத்தைப் பொறுத்தவரை அப்பா ஆருக்கும் எழுதலாம், அதில உங்களுக்குக் கேள்வி இல்லை. அதைப் போனது போனது எண்டு நினைச்சுக்கொண்டு முடிவெடுக்கிறதுதான் நல்லது.

காணிப் பகைக்கு நீங்கள் ஒண்டும் செய்ய ஏலாதோ எண்டா, ஒரு கதவு இருக்கு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில உருவான மத்தியஸ்த சபை. மூண்டு மத்தியஸ்தர் இருப்பினம், லோயர்மாருக்கு அங்க இடமில்லை, ரெண்டு பகுதியும் தங்கட வாயால கதைக்க வேணும், ஒத்துவந்தா எழுதிக் கையெழுத்து, ஒத்துவராட்டி ஒருத்தரையும் கட்டாயப்படுத்திறேல்ல. அங்க நான் கண்ட ஒரு புதுமை, அரைவாசிச் சண்டையில ரெண்டு பகுதிக்கும் தேவைப்பட்டது காணியில்லை, "ஓம், அண்டைக்கு நான் உன்னைக் கேட்டிருக்க வேணும்" எண்ட ஒரு சொல்லு. ஆனா அங்க போறது அப்பாமாரின்ர வேலை, அவையை ஆரும் ஒரு பெரியவர் மூலம் அனுப்பலாம், நீங்கள் ரெண்டு பேரும் அதில பேரில்லாம இருக்க வேணும். "உங்கட பிள்ளையளுக்காக இந்த வேலியை விட்டுக்குடுங்கோ" எண்டு ஆரும் சொல்ல விடாதேங்கோ. அப்படி விட்டுக்குடுத்த அரைப் பரப்புக்கு ஆயுசு முழுக்க உங்களிட்ட வட்டி கேப்பினம். காணி காணியின்ர விலைக்குத் தீரட்டும். தீராட்டியும் பரவாயில்லை, தீராத காணியோட எத்தினையோ சம்பந்திமார் வாழுகினம்.

கடைசியா, அவர் ஆடிவேல் திருவிழா அண்டு பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில உங்கட அப்பாவைக் கண்டு, காலில விழுந்து கேக்கப் போறன் எண்டு நிக்கிறார் எண்டு எழுதியிருக்கிறியள். அவற்ற மனசு எனக்கு விளங்குது, நல்ல பிள்ளைதான். ஆனா வேண்டாமெண்டு சொல்லுங்கோ. சனத்துக்கு முன்னால ஒரு மனுசனைப் பதில் சொல்ல வச்சா அவர் சனத்துக்காகப் பதில் சொல்லுவார், பிறகு மனம் மாறினாலும் அந்தச் சொல்லை விட்டு இறங்கேலாது. முதல்ல உங்கட ஆள் தன்ர வீட்டில சொல்லட்டும், நீங்கள் பெரியம்மாவிட்டப் போற அதே கிழமையில. ஒரு வீட்டுக்கு முதல் தெரிஞ்சு மற்ற வீட்டுக்குக் காலி வீதிக் கடையில வச்சு ஆரோ சொல்லித் தெரிய வந்தா, இந்தக் காணிக்கு மேல இன்னொரு காணிச் சண்டை. அவர் அப்பாவை வந்து காணுற நாளைப் பெரியம்மா குறிப்பா, அதுவும் அவவின்ர வீட்டில, வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போற மாதிரி. காணி உறுதியை ஸ்கான் பண்ணி அனுப்ப ஏலுமெண்டா எனக்கு அனுப்புங்கோ, பேர்களை மறைச்சுப்போட்டு. பார்த்துச் சொல்லுறன், காசு ஒண்டும் வேண்டாம்.